காலி அறைக்கு ஐந்து கிலோ

மார்ச் 4

ஆராய்ச்சி உலகின் அணையாச் சுடரும், கோழிகள் தரப்பு வழக்கறிஞரும், ஐந்து வயதில் என் சட்டைப் பையில் முட்டையை வைத்து என்னைக் கட்டிப்பிடித்து உடைத்தவளுமான என் மருமகள் வாலுவுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நான் நலம். உன் அத்தையும் நலம். அவள் நலமாக இருந்தால் இந்த வீட்டில் யார் யாருக்கு ஆபத்து என்று உனக்கே தெரியும்.

நீ அனுப்பிய மரப்பெட்டி வந்து சேர்ந்தது. லாரியிலிருந்து அதை இறக்க நாற்பது ஆள் தேவைப்பட்டது. நானும் கொட்டாவியும் சேர்ந்து அந்த நாற்பது பேராக இருந்தோம். கொட்டாவியை நினைவிருக்கிறதா? கொட்டகையைப் பார்த்துக்கொள்கிற நம் ஆள். சாப்பிடும்போது கொட்டாவி, சண்டை போடும்போது கொட்டாவி. அவன் கல்யாணப் போட்டோவிலேயே வாயைப் பிளந்துகொண்டுதான் நிற்கிறான், பக்கத்தில் பெண் முறைத்துக்கொண்டு நிற்கிறாள்.

பெட்டியைப் பிரித்தால் மூன்று தள்ளுகதவு, மூன்று கப்பி, கயிறு, ஒரு பை நிறைய எடைக்கல், முப்பது பக்கத்துக்கு வழிமுறை. இந்த உலகத்தைப் படைத்தவனுக்கே இவ்வளவு வழிமுறை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். கொடுத்திருந்தால் கொசுவைத் தவிர்த்திருப்பான்.

கோழிகளுக்குச் சட்டம் எழுதும் உங்கள் குழுவின் தந்திரம் எனக்குப் புரியாமல் இல்லை. கம்பிக் கூண்டை ஒழிக்கும் உங்கள் புதிய விதியை எதிர்த்து, பண்ணையாளர் சங்கத் தலைவன் என்ற முறையில் நான் ஆற்றிய உரையில் மேடை விளக்கு மூன்று தானாக வெடித்தது. அப்படிப்பட்டவன் கையாலேயே சோதனை நடந்தால், நாளைக்கு எவனும் 'எண்ணைத் திருத்திவிட்டார்கள்' என்று வாய் திறக்க முடியாது. முள்ளை முள்ளால் எடுக்கிறீர்கள். பரவாயில்லை, கேட்டது மருமகள் என்பதால் முள் சம்மதிக்கிறது.

கொட்டகையின் கோடியில் தீவன மூட்டை அடுக்கும் இடத்தைப் பலகையால் மூன்று அறைகளாகத் தடுத்தாயிற்று. ஆள் குனிந்து நுழையலாம், என் வயிறு மட்டும் தனியாக அனுமதி கேட்கிறது. முதல் அறையில் தீவனம். இரண்டாவதில் வைக்கோல் போட்ட முட்டைக் கூடு. மூன்றாவதில், நீ எழுதியிருந்தபடி, ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாததை வைப்பதற்கென்று தனி அறை கட்டியவன் நம் பரம்பரையில் நான்தான்.

ஆனால் ஒன்று. கோழிக்கு என்ன வேண்டும் என்று கோழியிடமே கேட்பதா? முப்பது வருஷமாக வளர்க்கிறேன், ஒரு கோழிகூட என்னிடம் மனு கொடுத்ததில்லை. உன் அத்தையை ஒரு வார்த்தை கேட்காமலே நான் குடும்பம் நடத்தவில்லையா? (இந்த வரியை அவள் கண்ணில் காட்டிவிடாதே.)

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போனில் பாதியிலேயே 'மாமா, போதும்' என்கிறாய். கடிதத்தில் என் வாயைப் பொத்த முடியாது.

பன்னிரண்டாயிரம் ராணிகளுக்கு ஒரே ராஜாவும், முட்டை நாட்டின் மன்னாதி மன்னனும், மூட்டுவலிகளின் சக்கரவர்த்தியுமான
உன் மாமா

❋

மார்ச் 11

ராணிகள் சூழ வீற்றிருக்கும் மாமாவுக்கு,

வாலு வணக்கம் சொல்கிறேன். உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்துச் சிரித்துத் தொலைத்தேன். பக்கத்து மேசைக்காரர் ஏதோ நல்ல செய்தி என்று நினைத்து எனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

முப்பது பக்கத்தையும் நீங்கள் படிக்கப் போவதில்லை. அதனால் சாரத்தை மட்டும் எழுதுகிறேன்.

கதவைச் சும்மா திறந்துவிட்டால் கோழி எல்லா அறைக்கும்தான் போகும். அதற்காகத்தான் எடை. கப்பியில் கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டுங்கள். எந்த எடை வரைக்கும் தள்ளுகிறதோ, அதுதான் அந்த அறைக்குக் கோழி கொடுக்கிற விலை. பசித்த கோழி தீவனத்துக்குக் கொடுக்கும் விலைதான் எங்கள் அளவுகோல். அதற்குப் பக்கத்தில் எது வருகிறதோ அது சட்டத்தில் 'கட்டாயம்' என்று ஏறும். மற்றதெல்லாம் 'இருந்தால் நல்லது'. 'இருந்தால் நல்லது' என்று சட்டத்தில் எழுதுவதும் சோப்புக் குமிழியில் எழுதுவதும் ஒன்று.

காலி அறை எதற்கு என்று சிரிக்கிறீர்கள். கோழி சும்மா ஒரு ஆர்வத்துக்காகவும் கதவைத் தள்ளிப் பார்க்கும். ஒன்றுமில்லாத அறைக்கு அது எவ்வளவு தள்ளுகிறது என்று தெரிந்தால்தான், கூட்டுக்காகத் தள்ளுவது உண்மையிலேயே கூட்டுக்காகத்தான் என்று நாங்கள் சொல்ல முடியும். காலி அறையின் எண் மட்டும் பெரிதாகிவிட்டால் எல்லாம் போச்சு. குழுவில் சிரிப்பார்கள், விதியைத் தூக்கி ஓரமாக வைப்பார்கள், உங்கள் ராணிகள் இன்னும் ஒரு தலைமுறைக்குக் கம்பிக் கூண்டில் முட்டை போடுவார்கள். 'முட்டையிடக் கூடு கட்டாயம்' என்ற அந்த ஒற்றை வரிக்காகத்தான் மாமா, படிப்பு முடித்ததிலிருந்து நான் தூங்காமல் கிடக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் வீட்டில் அம்மா போட்ட சட்டம் உங்களுக்கே தெரியும்: தம்பி சொன்னால் பத்தால் வகு. நீங்கள் முதலை என்றால் அது ஓணான். நூறு பேர் என்றால் பத்து பேர், அதிலும் இரண்டு பேர் வழி கேட்க வந்தவர்கள். கடிதத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் அளந்துகொள்ளுங்கள். சோதனைத் தாளில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு எழுதுங்கள்.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள் வாலு

❋

ஏப்ரல் 2

சட்டம் இயற்றும் சண்டமாருதமே, மருமகளே,

முடிவுத்தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கொட்டாவியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். பேனா கொஞ்சம் இழுத்திருந்தால் பொறுத்துக்கொள், அந்த நேரத்தில் ஒன்று விட்டான்.

முதல் கதவு, தீவனம். பசித்த கோழி ஒன்றே முக்கால் கிலோ வரைக்கும் தள்ளியது. தன் எடை அளவுக்கு. நான் சாப்பாட்டுக்கு அப்படித் தள்ளினால் இந்த வீடே இடம்பெயரும்.

இரண்டாவது கதவு, கூடு. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். சோதனைக்காகக் கூண்டிலிருந்து இறக்கிவிட்ட கோழிகளில் ஒருத்தி இருக்கிறாள், கழுத்தை நிமிர்த்தி, எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே நடப்பாள். இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருக்கிறோம். அவளுக்கு முட்டையிடும் நேரம் வந்தது. கதவில் மார்பை வைத்துத் தள்ளினாள். கால் வழுக்கியது. பின்வாங்கி நின்று மூச்சு வாங்கினாள். மறுபடி வந்தாள். நான் கல்லைக் கூட்டக் கூட்ட அவளும் விடவில்லை. ஒன்றரை கிலோவில் கதவு விரலளவு திறந்து மூடியது. அந்த விரலளவு இடைவெளியில் தலையைக் கொடுத்துவிட்டு அப்படியே நின்றாள் பார், நான் எழுந்துவிட்டேன். கொட்டாவிதான் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "சோதனைங்க முதலாளி" என்று உட்கார வைத்தான். என் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. ஒரு மூட்டைத் தூசி. சங்கத்தில் இதைச் சொன்னால் நான் உன்னை யாரென்றே தெரியாது என்பேன்.

சரி. கூடு கட்டாயம். எழுதிக்கொள். நான் தோற்றேன், உலக வரலாற்றில் முதல் தடவையாக.

மூன்றாவது கதவு. இதை எப்படி எழுதுவது என்று பேனாவை இரண்டு தடவை மூடி வைத்துவிட்டேன்.

காலி அறைக்கு அரைக் கிலோவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று உன் வழிமுறையில் இருக்கிறது. எனக்கு எதிலும் நிறுத்தத் தெரியாதென்று தெரிந்தும் இதை எனக்கு அனுப்பினாய். அரைக் கிலோவை இன்ஸ்பெக்டர் திரைச்சீலையை விலக்குவதுபோல விலக்கிவிட்டுப் போனாள். ஒரு கிலோ. இரண்டு கிலோ. நீ அனுப்பிய கல் தீர்ந்துபோயிற்று. முட்டைக் கடைத் தராசிலிருந்து கல் எடுத்து வரச் சொன்னேன். ஐந்து கிலோவில் கயிறு அறுந்தது. கோழி நிற்கவில்லை, கயிறுதான் நின்றது.

இரண்டு கிலோகூட இல்லாத ஒரு கோழி.

உள்ளே போய் என்ன செய்கிறது என்று கேட்பாய். ஒன்றும் செய்வதில்லை. கிளறவில்லை, கொத்தவில்லை. பின்சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அடுத்தது வந்து அதன் பக்கத்தில் நிற்கிறது, அதுவும் சுவரைப் பார்த்து. வாய்ப்பாடு மறந்த பிள்ளைகளை வாத்தியார் நிறுத்தி வைத்த மாதிரி வரிசையாக. ஆனால் வாத்தியார் யாரும் இல்லை.

உன் அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு இது பிடிக்கலை, பலகையைப் பிரிச்சுப் போடுங்க" என்றாள். அவளுக்கு எதுதான் பிடித்தது, என்னைத் தவிர.

தோல்வியிலும் கம்பீரம் குறையாத
உன் மாமா, ராஜாதி ராஜன்

❋

ஏப்ரல் 15

அன்புள்ள தோற்ற ராஜாவுக்கு,

இன்ஸ்பெக்டர் தலையைக் கொடுத்து நின்ற கதையைப் படித்துவிட்டு எனக்கும் தூசி விழுந்தது. நம் குடும்பத்துக்கே தூசி ஒத்துக்கொள்வதில்லை போலிருக்கிறது.

தீவனத்துக்கும் கூட்டுக்கும் நீங்கள் கொடுத்த எண்கள் மற்றப் பண்ணைகளின் எண்களோடு அச்சு அசலாகப் பொருந்துகின்றன. குழுத் தலைவர் உங்கள் தாளைக் கையில் எடுத்து, "எதிரி எழுதினதே இப்படின்னா நாம ஜெயிச்சாச்சு" என்றார். அடுத்த மாதம் வாக்கெடுப்பு.

காலி அறைக்கு நீங்கள் எழுதியதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். ஐந்து கிலோ! கயிறு அறுந்ததாம்! கையைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியும் கடைசி வரியில் அவிழ்த்துக்கொண்டீர்களே. அம்மாவின் சட்டப்படி பத்தால் வகுத்தேன். அரைக் கிலோ வந்தது. மற்ற எல்லாப் பண்ணையிலும் அதே அரைக் கிலோதான். ஆகவே தாளில் அரை என்றே ஏற்றிவிட்டேன். உங்கள் பொய்யில்கூட எவ்வளவு துல்லியம் பாருங்கள் மாமா, சரியாகப் பத்து மடங்கு.

இருந்தாலும் கடமைக்காகக் கேட்கிறேன். அந்த அறையில் வெளிச்சம், காற்று, வாசனை ஏதாவது வேறு மாதிரி இருக்கிறதா? இருந்தால் கோழிக்கு அதுதான் பிடித்திருக்கும். அறைகளை இடம் மாற்றிப் பாருங்கள். தீவனத்தை மூன்றாவதில் வைத்து, முதல் அறையைக் காலியாக விடுங்கள். கோழிகள் பழைய இடத்துக்கே போனால் அந்த மூலையில்தான் விஷயம்.

சும்மா ஒரு சரிபார்ப்புக்குத்தான்.

உங்கள் வாலு

❋

ஏப்ரல் 29

மருமகளே,

நாக்கு முளைத்த நாளிலிருந்து பொய் சொல்லியிருக்கிறேன். பத்தில் ஒரு பங்காவது எல்லாரும் நம்பினீர்கள். முதல் தடவையாக ஒரு உண்மையை எழுதினேன், அதையும் வகுத்துவிட்டாய். இதற்கு நான் சிரிக்க வேண்டும். சிரித்துப் பார்த்தேன், சரியாக வரவில்லை.

அறைகளை இடம் மாற்றினேன். தீவனம் மூன்றாவதுக்குப் போயிற்று. காலி அறை முதலாவதாயிற்று. கோழிகள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, முதல் கதவுக்கு வந்துவிட்டன, திறந்து கிடந்த தீவனத்தைத் தாண்டி. பிறகு கூட்டையும் வைக்கோலையும் எடுத்துவிட்டு நடு அறையையும் காலி செய்தேன். பாதிக் கோழிகள் அங்கே போய் நின்றன. ஆக, மூலையில் விஷயம் இல்லை. எது காலியோ அதில்தான்.

வெளிச்சம் ஒன்றுதான், மூன்றிலும் ஒரே பல்பு. காற்றுக்கு மெழுகுவர்த்தி வைத்துப் பார்த்தேன், சுடர் அசையவில்லை. வாசனைக்கு உன் அத்தையை மோந்து பார்க்கச் சொன்னேன். நாலு வீடு தள்ளிப் பால் பொங்கினால் சொல்லுகிற மூக்கு அது. வாசல் வரைக்கும் வந்தவள், உள்ளே தலையை நீட்ட மாட்டேன் என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பேச்சைக் கேட்காததில் வியப்பில்லை. ஆனால் திட்டாமல் மறுத்தது இதுதான் முதல் தடவை.

கொட்டாவி விஷயம் சொல்ல வேண்டும். கோழிகளை வெளியே ஓட்டிவர உள்ளே போனான். நேரமாயிற்று. மூன்று தடவை கூப்பிட்டேன். வந்தான், கோழி எதையும் ஓட்டிவரவில்லை. அன்றிலிருந்து அவன் கொட்டாவி விடவில்லை, வாலு. நான் அவன் எதிரில் உட்கார்ந்து வேண்டுமென்றே பத்துப் பதினைந்து விட்டுக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தான். "பேருக்காவது ஒண்ணு விடுடா" என்றேன்.

"எதுக்கு முதலாளி?" என்றான்.

கோபமில்லை, கிண்டலும் இல்லை. உண்மையாகவே கேட்டான்.

தீவனம் பாதி மிஞ்சுகிறது. எடை போட்டுப் பார்த்தேன், ஒன்றும் இளைக்கவில்லை. முட்டை குறைகிறது. கொட்டகையில் சத்தமும் குறைகிறது. பன்னிரண்டாயிரம் கோழி சத்தம் போட்டால் எனக்குத் தூக்கம் வரும். இப்போது இந்த அமைதியில் பக்கத்தில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது.

ஐந்து கிலோதான். நான் அளந்தேன்.

மாமா
(ராஜா பட்டத்தை இந்த வாரம் சலவைக்குப் போட்டிருக்கிறேன்)

❋

ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு,

விதி நிறைவேறிவிட்டது. 'முட்டையிடக் கூடு கட்டாயம். கம்பிக் கூண்டு கூடாது.' என் கண்ணாலேயே அச்சில் பார்த்தேன். முதலில் உங்களுக்குத்தான் எழுதுகிறேன், கூடவே ஒரு இனிப்புப் பெட்டியும் அனுப்பியிருக்கிறேன். இந்த வரியை வாங்கிக் கொடுத்தது இன்ஸ்பெக்டர்தான். அவளுக்கும் ஒரு துண்டு வையுங்கள்.

போன கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். வாக்கெடுப்பு வேலையில் தலை நிமிரவில்லை. படித்துவிட்டு, மாமா புதிதாகப் பேய்க்கதை சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைக்க விரும்பினேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஏனென்றால் போன வாரம் எங்கள் ஆய்வாளர் உங்கள் பண்ணைக்கு வந்துவிட்டுத் திரும்பினார். கெடுவுக்கு முன்பாகவே நீங்கள் கூண்டு அத்தனையையும் கழற்றி எறிந்துவிட்டீர்கள் என்றார். உங்கள் மதிப்பெண்ணை எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தோம். காயம் இல்லை. இறகு பிடுங்கல் இல்லை. பயம் இல்லை. அபயக்குரல் இல்லை. நாங்கள் எழுதி வைத்த ஒவ்வொரு அளவிலும் நூற்றுக்கு நூறு. உயிருள்ள கோழிக்கு நூறு வருமென்று அந்தத் தாளைத் தயாரித்த நானே நினைத்ததில்லை.

குழுத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. "இதுதான் நலம்னா இதையே எல்லாருக்கும் வைப்போம்" என்கிறார். அடுத்த திருத்தத்தில் மாடு, பன்றி எல்லாவற்றுக்கும் ஒரு காலி அறை. மாதிரி பார்க்க என் அறைக்குப் பக்கத்திலிருந்த கோப்பு அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அலமாரியெல்லாம் இப்போது நடைபாதையில் நிற்கிறது.

ஒரு சின்ன விஷயம். அந்த ஆய்வாளர் எப்போதும் விசில் அடித்துக்கொண்டே மாடியேறுவார், ஒரே பாட்டு, அதையும் தப்பாக. திரும்பி வந்ததிலிருந்து அடிக்கவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் உண்மையிலேயே ஒன்றுமில்லைதான்.

மாமா, அந்த அறையில் என்ன இருக்கிறது? நீங்கள் உள்ளே போகவில்லையே?

உங்கள் வாலு

❋

ஜூன் 20

வாலுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இனிப்பும் கிடைத்தது. பெட்டியைப் பிரிக்கவில்லை.

கூண்டை எடுத்தது விதிக்காக இல்லை. மூன்று அறை போதவில்லை. கொட்டகையையே காலி செய்ய வேண்டியதாயிற்று. இப்போது எல்லாக் கோழிக்கும் இடம் இருக்கிறது.

நான் உள்ளே போனேன். சோதனை மாதிரியே கதவில் எடை வைத்துத்தான் போனேன். புதிதாக வடக்கயிறு போட்டு ஒரு தீவன மூட்டை கட்டினோம். பிறகு இரண்டு. மூன்று மூட்டையை என்னால் தள்ள முடிந்தது. நாலாவது கட்டக் கயிறு தாங்காது என்று கொட்டாவி சொன்னான். என் வயதும் மூட்டுவலியும் உனக்குத் தெரியும். இதை வகுக்க வேண்டாம்.

உள்ளே ஒன்றும் இல்லை. நீ கேட்ட வெளிச்சம், காற்று, வாசனை மற்ற அறைபோலத்தான். சுவர் பலகைச் சுவர். அதைப் பார்த்து நின்றேன். பசித்தது. பசி இருந்ததே தவிர, சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. முட்டி வலித்தது. அது வலிக்காமல் இருக்க வேண்டும் என்று தோன்றவில்லை. பக்கத்தில் இன்ஸ்பெக்டர் நின்றாள்.

அத்தை வாசலில் நின்று கூப்பிட்டாள். அழுதாளாம். கொட்டாவி பிறகு சொன்னான். கூப்பிட்டது எனக்குக் கேட்டது. அழைப்பது என்னைத்தான் என்றும் தெரிந்தது.

சங்கத் தலைவர் பதவியை விட்டுவிட்டேன்.

கோழிக்கு என்ன வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நீ கேட்டாய். அது சொல்லிவிட்டது.

மாமா

❋

ஜூன் 27

என் அருமை மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் எங்கேயாவது ஒரு முதலை ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன். ஓணான்கூட இல்லை.

உடனே போன் போட்டேன். அத்தை எடுத்தாள். போனை எடுத்தால் அரைமணி நேரம் என்னைப் பேசவிடாத அத்தை. "நல்லா இருக்கோம்மா" என்றாள், அவ்வளவுதான். பின்னால் கொட்டகை, அதில் ஒரு சத்தம் இல்லை. "மாமாகிட்ட குடுங்க அத்தை" என்றேன்.

"எதுக்கு?" என்றாள்.

போனை வைத்துவிட்டு மற்றப் பண்ணைகளின் தாள்களை எடுத்துப் பார்த்தேன். காலி அறைக்கு எல்லாரும் அரைக் கிலோ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அரைக் கிலோவில் கோழி நின்றுவிட்டதாக ஒருவர்கூட எழுதவில்லை, மாமா. வழிமுறையில் நான் நிறுத்தச் சொல்லியிருந்தேன், அவர்கள் நிறுத்தினார்கள். எந்தப் பண்ணையிலும் எந்தக் கோழியும் நிற்கவே இல்லை. எங்களுடைய கேள்விதான் நின்றிருக்கிறது. அதைத் தாண்டிப் போனவர் நிறுத்தத் தெரியாத நீங்கள் ஒருவர்தான். உங்களைத்தான் நான் வகுத்தேன்.

எல்லாவற்றையும் தலைவரிடம் சொல்லிவிட்டேன். ஐந்தை அரையாக்கியதையும் சொன்னேன். என் வேலை போகும் என்று தயாராகத்தான் போனேன். அவர் சிரித்தார். "உங்க குடும்பத்துல எல்லாருமே இப்படித்தான் அளப்பீங்களா?" என்றார். விதி இருக்கட்டும், மதிப்பெண்தான் நூறாயிற்றே என்றார். காலி அறையைத் திருத்தத்தில் சேர்ப்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அந்தத் தாளை நான்தான் எழுதினேன். காயம், பயம், சண்டை, அபயக்குரல். இல்லாமல் போக வேண்டியதையெல்லாம் பட்டியல் போட்டேன். இருக்க வேண்டியது என்று ஒன்றைக்கூட எழுதவில்லை. கதவு விரலளவு திறந்ததும் இன்ஸ்பெக்டர் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றாளே, அதற்கு எங்கள் தாளில் மதிப்பெண் கிடையாது. குறைத்திருப்போம், தவிக்கிறது என்று.

பக்கத்துக் கோப்பு அறையின் கதவு சரியாகச் சாத்துவதில்லை. இன்றைக்குக் காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதன் எதிரில் நின்றிருந்தேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. நினைவு வந்து வாயில் வைத்தபோது டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

மாமா, கொட்டகையில் ஏதாவது கொண்டுபோய்ப் போடுங்கள். வைக்கோல், உடைந்த நாற்காலி, உங்கள் சங்கத்துக் கொடி, எது வேண்டுமானாலும். காலியாக மட்டும் விடாதீர்கள். சனிக்கிழமை முதல் வண்டியில் வருகிறேன். அதற்குள் எனக்கு ஒரே ஒரு பொய் எழுதி அனுப்புங்கள். நாற்பது பேர் சேர்ந்து உங்களைத் தூக்கி வெளியே போட்டார்கள் என்று எழுதுங்கள். இன்ஸ்பெக்டர் யானை முட்டை போட்டாள் என்று எழுதுங்கள். அம்மாமேல் ஆணையாக, ஒரு சைபரைக்கூட எடுக்காமல் அப்படியே நம்புகிறேன்.

உங்கள் வாலு

❋

ஜூலை 2

வாலுவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒரு பொய் எழுதச் சொல்லியிருந்தாய். உட்கார்ந்து யோசித்தேன். வரவில்லை.

கோழிகள் நலம். கொட்டாவி நலம். அத்தையும் உள்ளே வந்துவிட்டாள்.

சனிக்கிழமை நீ இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. உன் அறைக்குப் பக்கத்து அறை காலியாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதுவே போதும்.

கதவில் எடை எதுவும் இருக்காது.

மாமா